மொழிபெயர்ப்பவன் சுமப்பது

ஜோனதன் சாஃப்ரன் ஃபோயரின் ‘எவ்ரிதிங் இஸ் இலூமினேட்டட்’ நாவல் 2002இல் வந்தது. தன் தாத்தாவை நாஜிகளிடமிருந்து காப்பாற்றிய பெண்ணைத் தேடி ஓர் அமெரிக்க யூத இளைஞன் உக்ரைன் செல்கிறான். கதை அவனுடையது என்றே முதலில் நினைத்தேன். ஆனால் குற்றவுணர்வு இருப்பது மொழிபெயர்ப்பாளன் அலெக்ஸின் வீட்டில். மனைவியையும் குழந்தையையும் காக்க, யூத நண்பன் ஹெர்ஷலைக் காட்டிக்கொடுத்தவர் அலெக்ஸின் தாத்தா.

டிராக்கிம்பிராட் என்ற ஊரின் கற்பனை வரலாற்றில் ஃபோயரின் வித்தை அதிகம். அங்கே எனக்கு எதுவும் வலிக்கவில்லை. அலெக்ஸின் கோணலான ஆங்கிலத்தில்தான் வலித்தது. முதலில் சிரிக்கவைத்த அதே மொழியில்தான் பேரன் அந்தக் குற்றத்தையும் எழுதவேண்டியிருக்கிறது.

என் அப்பா சொல்வதை மகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லும்போது சில வரிகளை விட்டுவிடுவேன். அது மகளுக்காக என்றே இதுவரை நம்பியிருந்தேன்.