பிணியிற் பொறை: பாச்சிலாச்சிராமப் பதிகமும் திருநீலகண்டப் பதிகமும்

மனையில் ஒருவர் நெடுநாள் நோயுற்றுக் கிடக்குங்கால், உடனிருப்பார்க்கு வரும் துன்பம் இருவகைத்து. கிடப்பாரது வருத்தத்தைக் காண்டல் ஒன்று. அதனை மாற்றத் தமக்கு ஆற்றல் இன்மையை உணர்தல் மற்றொன்று. இந்நிலையில் அவரை நோக்கி, “எல்லாம் முன்வினைப் பயன், பொறுத்திருப்பீராக” என்று கூறி அகல்வார் பலர். இக்கூற்று சைவ சித்தாந்தத்துக்கு முழுதும் இசைந்ததுதானா என்பது ஆராயத்தக்கது. வினைப்பயன் உண்டு என்பது சித்தாந்தமே. ஆயின், அதனைக் கூறி அமைந்துவிடுதல் பொறையாகுமா என்பதே வினா. இதற்கு விடை தருவன, திருஞானசம்பந்த சுவாமிகள் 7ஆம் நூற்றாண்டில் அருளிய முதல் திருமுறையில் உள்ள இரண்டு பதிகங்கள். ஒன்று 44ஆம் பதிகமாகிய திருப்பாச்சிலாச்சிராமம். மற்றொன்று 116ஆம் பதிகமாகிய திருநீலகண்டம்.

இவ்விரண்டும் ஒரு நிலப்பகுதியோடு தொடர்புடையன. முதற் பதிகத்துக்குக் காரணமாயிருந்தவன் கொல்லி மழவன். அவன் பெயரில் விளங்கும் கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. இரண்டாம் பதிகம் எழுந்த கொடிமாடச்செங்குன்றூர், அம்மாவட்டத்திலேயே உள்ள திருச்செங்கோடு. 1997இல் நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை இரண்டும் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சுவாமிகள் இவ்விரு நிகழ்ச்சிகளையும் பிள்ளையாரது ஒரே யாத்திரையில் அடுத்தடுத்து அமைத்துள்ளார். பாச்சிலாச்சிராமத்தினின்றும் பைஞ்ஞீலி, ஈங்கோய்மலை முதலிய தலங்களை வணங்கிப் பிள்ளையார் கொங்கு நாடு புகுந்தார் என்பது பெரியபுராண வரலாறு. இவ்வடைவு கருதத்தக்கது. முதல் நிகழ்ச்சியில் நோய் பிறர் மனையில் உள்ளது. இரண்டாவதில் அது பிள்ளையாருடைய திருக்கூட்டத்துள்ளேயே புகுந்துவிட்டது.

கொல்லி மழவன் மகளைப் பற்றிய பிணி முயலகன் எனப்படும். அது வலிப்பு நோயின் ஒரு வகை. மழவன் வேறு நெறிகளால் தீர்க்க முயன்றும் தீராமையின், மகளைக் கொணர்ந்து கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள பாச்சிலாச்சிராமத் திருக்கோயிலில் இறைவர் திருமுன்பு கிடத்தினான். இத்தலம் இக்காலத்துத் திருவாசி என வழங்குகின்றது. மழவன் முன்னர்ச் செய்த முயற்சிகளைச் சேக்கிழார் குறை கூறினாரல்லர் என்பது நோக்குக. மருந்தை நாடியதனால் அவனது அன்பு குன்றியதும் இல்லை. மருந்து பயன்படாமையால் அவன் கோயிலை வெறுத்ததும் இல்லை. பிள்ளையார் எழுந்தருளுகின்றார் என்று கேட்டபொழுது, மகள் உணர்வு மயங்கிக் கிடக்கவும், அவன் எதிர்சென்று அடி வணங்கினான். கோயிலுள் அவளைக் கண்டு பிள்ளையார் வினவிய பின்னரே தன் துயரைக் கூறினான். அங்ஙனம் கூறியதும் மிகச் சுருக்கமே.

அவன் கூறாது அடக்கிய முறையீட்டைப் பதிகம் எடுத்துப் பேசுகின்றது. திங்களைச் சடையிற் சூடி, நீறணிந்து, எல்லாரும் தொழ ஆடும் இப்பெருமான், ஒரு பெண்ணை வாடச் செய்தல் அவர் பெருமைக்குத் தகுமோ என்னும் வினாவே பாட்டுத்தோறும் சொல் வேறுபட்டு முடிகின்றது. இதனை வரலாற்றினின்றும் பிரித்து நோக்குவார், இஃது அகத்துறைப் பாட்டு என்றும், இறைவன்பாற் காதலால் மெலிந்த தலைவியைக் குறித்துத் தாய் கூறுவது என்றும் கொள்ளல் கூடும். பதிகத்துள் முயலகன் என்னும் நோய்ப்பெயர் காணப்படாமையும், மயல் கொண்ட மங்கை பேசப்படுதலும் அக்கருத்துக்கு இடந்தருகின்றன. எனினும் இரு பொருளும் தம்முள் மாறுகொள்ளுவன அல்ல. மகள் மெலிவு கண்டு இறைவனையே காரணராக நிறுத்தி வினவும் தாயின் குரல், நோயுற்ற மகளைத் திருமுன்பு கிடத்திய தந்தையின் நெஞ்சுக்கும் பொருந்துவதே. அகத்துறையின் மொழியைப் பிணியின் முறையீட்டுக்கு உரியதாக்கியதே இப்பதிகத்தின் தனிச்சிறப்பு. சேக்கிழார் கூறும் வரலாறு இதற்கு ஊறு செய்யாது, ஒளி தருவதாகவே உள்ளது.

பதிகம் பாடக் கேட்ட அளவில் அம்மகள் பிணி நீங்கி எழுந்து தந்தையின் அருகே வந்தாள் என்பது பெரியபுராணம். பதிகமோ அவள் எழுந்தமையைக் கூறாது, இதனைப் பாடி ஏத்துவாரை வினை சாராது என்றே முடிகின்றது. நோய் நீங்குதலைப் பொருட்படுத்தாது கூறிய முடிபு அன்று இது. நோய்க்கும் அடியதாகிய வினையை நோக்கிக் கூறியதாகும்.

செங்குன்றூரில் அச்சொல்லே மீண்டும் வருகின்றது. பிள்ளையார் அத்தலத்தை வணங்கி, காவிரியும் பவானியும் கூடும் திருநணாவுக்குச் சென்று, மீண்டும் செங்குன்றூர் வந்து தங்கியிருந்தார். அப்பொழுது பனிக்காலம் வந்தது. உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அவர்கள் அதனைத் தெரிவிக்க, இது இந்நிலத்தின் இயல்பாயினும் நம்மை அடையாது என்று பிள்ளையார் கருதியதாகச் சேக்கிழார் கூறுவர். மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் ரொனால்டு ராஸ் 1897இல் கண்டறிந்ததற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, சில சுரங்கள் நிலத்தையும் பருவத்தையும் பற்றி வருவன என்பதைத் தமிழ்ப் புலவர் உணர்ந்திருந்தனர். ஆகவே நிலத்தியல்பைக் கூறுதல் வினைக்கொள்கைக்கு முரணன்று. வினைப்பயனை உயிர்க்கு ஊட்டுவிக்கும் வாயில்களுள் நிலமும் ஒன்று.

திருநீலகண்டப் பதிகத்தின் முதற் பாட்டு, அவ்வினையால் இவ்வினை வந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் உய்யும் வழியை நாடாதிருத்தல் அவர்க்குக் குறையே என்று இடித்துரைக்கின்றது. படுக்கை அருகில் நின்று வினையைக் காரணங்காட்டி அகல்வார்க்கு இதனினும் நேரிய மறுப்பு வேண்டுவதில்லை. அடுத்து அடியார் செய்வது யாது என்று பதிகமே கூறுகின்றது: கையால் தொண்டு செய்தல், கழலைப் போற்றுதல், சோலை வைத்தல், குளம் தோண்டுதல், காலையும் மாலையும் மலர் கொய்து சாத்துதல். எனவே பதிகம் காட்டும் பொறை கைகட்டி இருக்கும் இருப்பு அன்று. நோயாளிக்கு நீர் காய்ச்சிக் கொடுத்து, உடல் துடைத்து, மருந்தளித்து, இரவில் விழித்திருக்கும் மனையினரது பணியும், சிவனை மறவாது செய்யப்படின், அக்கைத்தொண்டின் பாற்பட்டதே ஆகும்.

மேலும், எம்மை ஆட்கொண்ட பின் எம் குறையைக் கேளாதொழிதல் உமக்கு இயல்போ என்று இப்பதிகத்தும் ஒரு வினா உண்டு. பாச்சிலாச்சிராமத்தில் இறைவர் ‘இவர்’ எனப் படர்க்கையிற் சுட்டப்பட்டார். இங்கே முன்னிலையில் அழைக்கப்படுகின்றார். அங்கே வருந்தியவள் பிறள். இங்கே ‘எம்மை’ என்று பிள்ளையார் தம்மையும் நோயுற்றாரோடு உளப்படுத்துகின்றார். உறவு அணுக அணுக வினா நேர்படுகின்றது. முறையிடுதல் பொறுமைக்கு மாறு என்று கருதுவார் இதனை உன்னுக. அயலாரிடம் இவ்வாறு வினவுவார் இலர். ஆட்கொண்டவன் என்னும் உரிமை உடையார்க்கே இவ்வினா எழும்.

ஈண்டு ஓர் ஐயம் தோன்றும். ஏன்ற வினை உடலோடு கழியும் என்று உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் தெளித்திருக்க, வினை தீண்டாது என்று பிள்ளையார் கூறியது எவ்வாறு பொருந்தும் எனின், கூறுதும். செங்குன்றூரில் சுரம் உடனே நீங்கியது. அத்தலத்தாரை மட்டுமன்றி அந்நாடு முழுவதையும் விட்டு அகன்றது என்பர் சேக்கிழார். அது பிள்ளையாரது ஆணையால் நிகழ்ந்த அருட்செயல். அதனைப் பிற்காலத்தார் தாம் பாடும் ஒவ்வொரு முறையும் வரும் கூலியாக எதிர்பார்த்தல் முறையன்று. அங்ஙனம் எதிர்பார்த்து, நோய் நீங்காதவிடத்து அம்மனையினரது அன்பிற் குறை காண்டல் பெரும் பிழை. பிராரத்தம் உடலைச் சாரும். ஆயின் அதன் நுகர்ச்சியில் வெறுப்பும் வெகுளியும் கொண்டு புதிய ஆகாமியத்தை ஈட்டாதவாறு உயிரைத் திருவருள் காக்கும். அவ்வுயிரைப் பொறுத்தவரை வினை வந்தும் தீண்டாததே. மறக்கும் மனத்தை மாற்றி உயிரை உறுதிப்படுத்துதலைப் பதிகம் தானே வேண்டுவதும் இக்கருத்துப் பற்றியே.

இரு பதிகங்களோடும் இயைந்த இரு பெயர்களும் இதனையே உணர்த்துகின்றன. கூத்தப்பெருமான் திருவடியின் கீழ் முயலகன் கொல்லப்படவில்லை. எழாதவாறு ஊன்றப்பட்டுக் கிடக்கின்றான். திருவாசியில் அவன் இடத்தில் அரவின்மேற் பெருமான் ஆடுவதாகத் தலவழக்கு. நீலகண்டத்திலோ நஞ்சு உள்ளே செல்லவும் இல்லை, உமிழப்படவும் இல்லை. உலகைக் கொல்லாதவாறு அங்கே தாங்கப்பட்டு நிற்கின்றது. கொல்லி மழவன் மகளைக் கிடத்திய இடமும், செங்குன்றூர் அடியார் நடுங்கியபோது கேட்ட பெயரும், தாங்குகின்ற ஒரு பெருமானையே காட்டின. பிணியாளர் மனையில் ஒருவர் செய்யும் பொறை அவர் ஒருவரது ஆற்றலால் நடப்பதன்று. நஞ்சைத் தாங்கியவன் அவரையும் தாங்குதலால் நடைபெறுவது.