பத்தே முக்காலுக்குப் படும் பொழுது

ஜூன் பிறந்துவிட்டால் எனக்கு வீடு கொள்ளாது. வேலையால் வந்து, சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சப்பாத்தை மாட்டும்போது நேரம் இரவு எட்டரை. வெளியே நிற்பது யாழ்ப்பாணத்துப் பின்னேரம் ஐந்தரை மணி வெயில்! வேலை நாள் முடிந்த கையோடு இன்னொரு முழுப் பின்னேரம் சும்மா கிடைக்கிறது. ஒஸ்லோவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் இந்த அதிசயம் எனக்குப் பழகவில்லை. பழகவும் வேண்டாம்.

ஐந்தாம் இலக்க மெட்ரோவில் ஏறிக் கடைசித் தரிப்பிடத்தில் இறங்கினால் சொங்ஸ்வான் ஏரி. சுற்றி நடக்க 3 கிலோமீற்றர் சொச்சம். ஒன்பதரைக்கும் பிள்ளைகள் தண்ணீருக்குள் கும்மாளம் போடுவார்கள். கரையெல்லாம் ஒருமுறை பாவித்து எறியும் தகரத் தட்டு அடுப்புகளில் சொசேச் வாட்டும் வாசம். நானும் இறங்குவேன். குளிரில் மூச்சு ஒரு நொடி நின்று வரும். தலையைத் தூக்கிப் பார்த்தால் பைன் மரங்களின் உச்சி மட்டும் செம்பாய்ச் சிவந்திருக்கும். என்ன அழகு! பத்தே முக்காலுக்குத்தான் பொழுது படும். அதுவும் மேற்கில் இல்லை, வடமேற்கையும் தாண்டி வடக்குப் பக்கமாக.

பட்ட பிறகும் இருட்டாது. நள்ளிரவிலும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 7 பாகைகூட இறங்காது. பல்கனியில் இருந்து பத்திரிகைத் தலைப்புகளை வாசிக்கலாம். நாலு மணி ஆகுமுன்னே மறுபடியும் சூரியன். பகல் 18 மணித்தியாலம் 50 நிமிடம்! மார்கழியில் இதே சூரியன் நண்பகலிலும் 7 பாகைக்கு மேல் எழும்பாது. பகல் 6 மணித்தியாலம்கூட இல்லை. கோடை நள்ளிரவில் எவ்வளவு தாழ்கிறதோ, மாரி நண்பகலில் அவ்வளவுதான் உயர்கிறது. பூமி 23.4 பாகை சாய்ந்து நிற்பதால் வரும் கணக்கு இது. முதன்முதல் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு மெய்சிலிர்த்தது. ஊரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலச் சொச்சம்தான் வித்தியாசம். அங்கே வளர்ந்த நான், பகல் வளரும் என்பதையே இங்கேதான் கண்ணால் கண்டேன்.

எங்கள் குசினி யன்னல் வடக்குப் பார்த்தது. வருடத்தில் அரைவாசிக் காலம் அதற்குள் வெயில் எட்டிப் பார்க்காது. சித்திரை மாதத்தில் ஒரு விடியற்காலை, யன்னல் ஓரச் சுவரில் விரல் அகலத்துக்கு மஞ்சளாய் ஒரு கோடு விழும். பென்சிலால் அடையாளம் வைத்துத் திகதி எழுதுவேன். அந்த நாட்களில் பகல் ஒவ்வொரு நாளும் 5 நிமிடத்துக்கு மேல் கூடிக்கொண்டு போகும். கோடும் உள்ளே நகர்ந்து, தட்டைக் கடந்து, ஜூன் 21 அளவில் மிளகாய்த்தூள் போத்தலடிக்கு வரும். வந்து, ஒரு கிழமை போல அங்கேயே நிற்கும். கதிர்த்திருப்பம் என்று படித்திருக்கிறோம். ஆனால் திரும்புவதற்கு முன் சூரியன் இப்படித் தரித்து நிற்கும் என்பதை எனக்குக் காட்டித் தந்தது அந்தப் போத்தல்தான்.

ஜூன் 23 இரவு நோர்வேஜியர் நெருப்பு மூட்டுவார்கள். சங்த் ஹன்ஸ் என்று பெயர். ஒஸ்லோவில் சங்த் ஹன்ஸ்ஹவ்கன் என்ற குன்றுக்கே பெயர் வந்தது அங்கே எரித்த நெருப்பால்தான். முதல் தடவை கடற்கரையில் அடுக்கி வைத்திருந்த பலகைக் குவியலைப் பார்த்ததும், கார்த்திகை விளக்கீட்டுக்குக் கோயில் வாசலில் கொளுத்தும் சொக்கப்பனை ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. நம்முடையது இருட்டில் எரிவது. இங்கே வானம் அவ்வளவு வெளிச்சமாக இருப்பதால் சுவாலை மெலிந்துதான் தெரியும். பக்கத்தில் போனால் முகம் சுடும். போனமுறை முன்பின் தெரியாத ஒரு கிழவி என் கைநிறைய ஸ்ட்ரோபெரி தந்தார். அப்படி ஒரு இனிப்பு! நீண்ட பகலெல்லாம் அந்தப் பழத்துக்குள் இறங்கியிருந்தது.

தைப்பொங்கலன்று இங்கே சூரியன் வர ஒன்பது மணியாகும். பால் பொங்கி, யன்னலடியில் எல்லாரும் காத்து நின்று, கூரைக்கு மேலே அந்தச் சிவப்பு விளிம்பு தெரிந்ததும் கை தானாகவே கூப்பிக்கொள்ளும். மாரியில் அப்படிக் காத்திருந்தவளுக்குத்தான் ஜூன் இவ்வளவு இனிக்கும். அதனால் இருட்டின் மீதும் எனக்குக் கோபம் இல்லை.

நீண்ட பகல் அன்று நான் நித்திரை கொள்வதில்லை. நாலு மணிக்குச் சூரியன் வந்ததும் ஊருக்கு வீடியோ அழைப்பு எடுப்பேன். அங்கே ஏழரை. அம்மா முற்றம் கூட்டி முடித்துத் தேத்தண்ணியோடு இருப்பா. "இஞ்ச வெயில் வந்து ஒண்டரை மணித்தியாலமாச்சு, உனக்கு இப்பதானோ?" என்று சிரிப்பா. பிறகு தொலைபேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு கேட்பா: "பிள்ளை, கோடு போத்தலடிக்கு வந்திட்டுதே?"