ஊசி போட்ட கூட்டுப்புழு சொன்னதும் சொல்லாததும்

1959இல் அடால்ஃப் பூட்டெனண்ட் குழு பாம்பிகோலைப் பிரித்தெடுத்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். சுமார் 5 லட்சம் பெண் பட்டு அந்துப்பூச்சிகளின் வயிற்று நுனிச் சுரப்பிகளை வெட்டியெடுத்து, கடைசியில் கையில் மிஞ்சியது சில மில்லிகிராம். வேதியமைப்பு தெரிந்த முதல் பூச்சி ஃபெரோமோன் அது. பொருள் என்ன என்று தெரிந்துவிட்டது. பூச்சி அதை எப்படிச் சமைக்கிறது என்பதற்கான விடைதான் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. அந்தத் துண்டுகளை உயிருள்ள பூச்சிக்குள்ளேயே சோதித்துப் பார்த்தது, 2006இல் பி.என்.ஏ.எஸ் இதழில் ஒனிஷி, ஹல், மட்சுமோட்டோ எழுதிய கட்டுரை. அது ஏன் நல்ல கட்டுரை, அதை வைத்து இன்று பேசப்படுவது ஏன் அவ்வளவு நன்றாக இல்லை என்று எழுதிப் பார்க்கிறேன்.

முறை எளிது. குறிப்பிட்ட ஒரு மரபணுவின் வரிசையில் இரட்டை இழை ஆர்.என்.ஏ தயாரித்துக் கூட்டுப்புழுவுக்குள் ஊசி போடுகிறார்கள். செல் அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அந்தத் துண்டுகளை அடையாளமாக வைத்து அதே மரபணுவின் தூது ஆர்.என்.ஏவைத் தேடி அழிக்கிறது. அந்துப்பூச்சி வெளியே வந்ததும் சுரப்பியில் எவ்வளவு பாம்பிகோல் என்று அளக்க வேண்டும், அவ்வளவுதான். நம்ம தொழில் பாஷையில் ஃபங்ஷனை கமென்ட் செய்வது மாதிரி என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது சரியில்லை. கமென்ட் செய்தால் அந்த வரி ஓடவே ஓடாது. இங்கே பத்து தடவை ஓட வேண்டியது ஒன்றிரண்டு தடவையாவது ஓடிக்கொண்டுதான் இருக்கும். இந்த வித்தியாசத்துக்குக் கீழே திரும்ப வருவேன்.

கட்டுரையில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அசைல்-கோஏ பிணைப்புப் புரதம் பற்றிய பகுதி. பாம்பிகோல் தயாரிப்பில் கொழுப்பு அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு போடும் நொதி ஒன்று, கடைசியில் அதை ஆல்கஹாலாக மாற்றும் நொதி ஒன்று. இவற்றை வேறு செல்லில் வைத்து வேலை செய்ய வைத்து நிரூபித்துவிடலாம், ஏற்கெனவே செய்தும் இருந்தார்கள். ஆனால் பிணைப்புப் புரதம் எதையும் மாற்றுவதில்லை, வெறும் சுமைகூலி. சோதனைக் குழாயில் "இது ஒட்டுகிறது" என்பதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? உயிருள்ள சுரப்பியில் அதை அடக்கியதும் பாம்பிகோல் குறைந்தது. சுமைகூலி வராத நாளில் கடையே ஓடவில்லை. இந்த முறையால் மட்டுமே கிடைக்கக்கூடிய பதில் இது.

இனி குறைகள். பி.பி.ஏ.என் என்று 33 அமினோ அமிலம் கொண்ட ஒரு நரம்புப் புரதம், தலைப் பக்கமிருந்து வந்து சுரப்பிக்கு "ஆரம்பி" என்று சொல்கிறது. தலையை வெட்டிவிட்டால் உற்பத்தி நிற்கும், பி.பி.ஏ.என்னை ஊசி போட்டால் திரும்ப ஆரம்பிக்கும். அதன் ஏற்பியை அடக்கினாலும் பாம்பிகோல் குறையும், கடைசி நொதியை அடக்கினாலும் குறையும். ஆக, இறுதிப் பொருளை மட்டும் அளந்தால் பழுது எந்தப் படியில் என்று தெரியாது. அதற்கு முந்தைய சரக்கு, அதாவது செல்லுக்குள் கொழுப்புத் துளிகளில் சேமித்து வைக்கப்படும் மூலப்பொருள், கூடியதா குறைந்ததா என்று பார்க்க வேண்டும். இதே முறையைக் கையாளும் கட்டுரைகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது அந்த அளவீட்டைத்தான்.

இன்னொன்று. அடக்கியும் விளைவு இல்லையென்றால் "இந்த மரபணுவுக்குப் பங்கில்லை" என்று எழுதிவிட முடியாது. மிச்சமிருக்கும் கொஞ்சமே போதுமானதாக இருந்திருக்கலாம், அல்லது முன்பே தயாரான புரதம் அழியாமல் இருந்திருக்கலாம். அந்துப்பூச்சி வகைகளில் இந்த முறை ஓரிடத்தில் வேலை செய்து இன்னோரிடத்தில் கைவிடுவது ஊரறிந்த விஷயம். 2011இல் வெற்றி தோல்விகளைத் தொகுத்து ஒரு மதிப்பாய்வே வந்தது.

என்னை எரிச்சலூட்டுவது அடுத்த தாவல். "பட்டுப்பூச்சியில் ஃபெரோமோனை நிறுத்திவிட்டார்கள், ஆகவே நாளைக்குப் பயிரில் ஆர்.என்.ஏ தெளித்துப் புழுவை ஒழிக்கலாம்" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். வண்டுகளில் அது நடக்கிறது. அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டுக்கு எதிரான ஆர்.என்.ஏ தெளிப்பு 2023 இறுதியில் பதிவானது. ஆனால் அது வண்டு, தின்றாலே போதும். அந்துப்பூச்சிப் புழுவின் குடல் கடும் காரத்தன்மை கொண்டது, இரட்டை இழை ஆர்.என்.ஏவைச் சிதைக்கும் நொதியும் அதில் உண்டு. பட்டுப்புழுவின் குடலிலேயே அந்த நொதி கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஊசி போட்டது கூட்டுப்புழுவுக்கு, ஆய்வகத்தில், ஒவ்வொன்றாக. துவரைக் காட்டில் யார் ஊசி போடுவது?

மேலும் பட்டுப்பூச்சிக்கு பாம்பிகோல் ஒன்றே போதும், ஆண் சிறகடித்துக்கொண்டு வந்துவிடும். துவரையையும் பருத்தியையும் துளைக்கும் ஹெலிகோவெர்பா ஆர்மிஜெராவுக்கு இரண்டு ஆல்டிஹைடுகள் ஏறக்குறைய 97க்கு 3 என்ற விகிதத்தில் வேண்டும். நம் விவசாயிகள் வயலில் கட்டும் இனக்கவர்ச்சிப் பொறி இந்த விகிதத்தை நம்பித்தான் நிற்கிறது. இங்கே கேள்வி உற்பத்தி நின்றதா என்பதோடு முடியவில்லை, விகிதம் எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்பதும் சேர்ந்தே வருகிறது. ஒரே பொருளாலேயே ஆணை ஈர்த்துவிடும் பூச்சியிடம் அதைக் கேட்டால் பதில் வராது. ஒனிஷி குழு அப்படிக் கேட்கவும் இல்லை.