நான்கு தந்தியும் ஒரு பெட்டியும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில், ஆவணி பிறந்தாலும் சரி, தை பிறந்தாலும் சரி, கல்யாண மண்டபங்களின் வாசலில் வாழைமரமும் சீரியல் விளக்கும் ஏறிவிடுகின்றன. மாலை வரவேற்புக்கு வந்து, மணமக்களுக்கு மொய்க்கவரைக் கொடுத்து, பந்திக்கு இடம் கிடைக்கும்வரை மின்விசிறிக்கு நேராக ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாட்டுக் கச்சேரி கேட்கிறவர்களிடம், இன்று யார் நன்றாகச் செய்தார் என்று விசாரித்தால் பாடிய பெண்ணைச் சொல்வார்கள், கீபோர்டுக்காரரைச் சொல்வார்கள், ரிதம் பேடு தட்டிய பையனைக்கூடச் சொல்வார்கள். மேடையின் பின்வரிசையில் தூண் மறைவில் நின்றுகொண்டு பேஸ் கிதார் வாசித்தவரைச் சொன்ன மனிதர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆனால் அந்த மனிதர் பாட்டின் நடுவில் கையை எடுத்துவிட்டாரானால், என்ன குறைந்தது என்று தெரியாமலே சபை முழுவதும் ஒரு தடவை மேடையை நிமிர்ந்து பார்க்கும்.

இப்படிக் கண்ணில் படாமல் உழைக்கும் உத்தியோகம் நம் சங்கீதத்துக்குப் புதிதன்று. மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு உட்காருவதற்கு முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியின் நடுவே அப்புகிறாரே, அந்தப் பாரத்தால்தான் இடக்கைப் பக்கத்து நாதம் கீழே இறங்குகிறது. வலந்தலையில் விழும் சொற்களுக்கு நிற்க ஒரு தரை கிடைக்கிறது. வீணையின் நான்காம் தந்திக்கு அனுமந்தரம் என்று பெயரிட்டவர்களும் இந்தத் தரையின் அருமையை உணர்ந்தவர்களே. தொப்பியின் வேலையையும் அனுமந்தரத்தின் வேலையையும், அதாவது தாளத்துக்கு அடியையும் ஸ்வரத்துக்கு அடியையும், ஒரே மனிதரின் இரண்டு விரல்களிடம் ஒப்படைத்திருக்கும் வாத்தியம்தான் பேஸ் கிதார்.

இதன் பூர்வோத்தரம் சுவையானது. மேல்நாட்டுக் குழுக்களில் அடிநாதத்துக்கு வெகுகாலம் ஆள் உயர டபுள் பேஸ்தான் இருந்தது. அதை ஊர் ஊராகச் சுமப்பது தேரை நிலைபெயர்ப்பது போன்ற காரியம். 1930களில் ஸியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் அதைக் கிதார் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தார். அப்போது அதைச் சீந்துவாரில்லை. 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர், 34 அங்குல நீளத் தந்திகளையும் வீணைக்கு இருப்பதுபோன்ற மெட்டுகளையும் வைத்து ஒரு வாத்தியம் செய்து, மெட்டு இருப்பதால் ஸ்வரம் பிசகாது என்ற பெருமையில் அதற்குப் ‘பிரிசிஷன்’, அதாவது துல்லியம், என்றே நாமகரணம் செய்தார். அதன் அடித்தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. இன்று கடைகளில் தொங்கும் மலிவு வாத்தியங்களில் பெரும்பான்மை அந்த 1951ஆம் வருஷத்து வாத்தியத்தின் பேரப்பிள்ளைகளே.

நம் ஊர்க் காதுகளுக்கு இதன் ருசியைக் காட்டியவர் இளையராஜா என்று நான் சொன்னால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த அவர், அடுத்த சில வருஷங்களுக்குள் பேஸ் கிதாரைப் பாட்டுக்குப் பாய்விரிக்கும் வேலையிலிருந்து விடுவித்து, பல்லவிக்கு அடியில் தானும் ஒரு தனிப் பாட்டைப் பாடிக்கொண்டு போகும் உரிமையை அதற்குக் கொடுத்தார், அந்த உரிமையை விரல்களால் அனுபவித்துக் காட்டியவர் சசிதரன். ரஹ்மானுடைய இசையில் அந்த ஸ்தானத்தில் கீத் பீட்டர்ஸைக் கேட்டிருக்கிறோம். ஆகையால் இந்தப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் எண்பதுகளின் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டு, அடியிலிருக்கும் அந்த இரண்டாவது பாட்டை விட்டுவிட்டால், கேட்பவனுக்கு உப்பில்லாத பொங்கலைத் தின்றது போலாகிவிடுகிறது. சிறு குழுக்கள் செலவுக்கு அஞ்சி அந்த வேலையைக் கீபோர்டுக்காரரின் இடதுகைக்குத் தள்ளிவிடுகின்றன. இடதுகை பாவம், என்ன செய்யும்? வலதுகை வயலினாகவும் குழலாகவும் மாறி மாறி வேஷம் போடும்போது, அது ஒற்றை ஸ்வரத்தை அழுத்திக்கொண்டு விழிக்கிறது.

இந்தக் குறையைத் தீர்க்க எண்ணிய எங்கள் தெருப் பையன் ஒருவன், கல்யாண சீசனில் மேடையேறிச் சேர்த்த பணத்தை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, “அண்ணே, ஒரு பேஸும் ஆம்ப்பும் வாங்கணும், நீங்க கூட வாங்க” என்று என்னை அழைத்தான். எனக்கு வாசிக்கத் தெரியாது. கேட்கத் தெரியும் என்ற கியாதி மாத்திரம் உண்டு. இந்தப் பக்கத்தார் வாத்தியம் வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போவார்கள். அல்லது ரயிலேறிச் சென்னைக்குப் போய், 1842 முதல் நடந்துவரும் மியூஸி மியூஸிகல் போன்ற பழைய கடைகளின் படியேறுவார்கள். நாங்கள் போன கடையில், உள்ளே நுழைந்ததும் பையனின் கண் ஐந்து தந்தியும் செக்கச்செவேலென்ற மெருகுமாகச் சுவரில் தொங்கிய ஒன்றின்மேல் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் பட்டுப்புடவையைப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி ஆகிவிடக்கூடாதே என்று, அவனைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லி, நான்கு வாத்தியங்களை ஒவ்வொன்றாக அவன் மடியில் வைக்கச் சொன்னேன்.

மலிவு வாத்தியத்தைப் பரிசோதிக்கும் முறை ஒன்று உண்டு. அதை மாத்திரம் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒலிபெருக்கியில் செருகாமலே முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். தந்தியைத் தட்டியதும் மரம் விலா எலும்பில் அதிர்வதை வாசிப்பவன் உணரவேண்டும்; அப்படி உணராத வாத்தியத்துக்கு எந்த ஆம்ப்பும் உயிர் கொடுக்காது. பிறகு கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்க்கவேண்டும். மெட்டுகளின் முனைகள் ரம்பப் பல்லைப்போல் கையைக் கீறினால் அதைச் செய்தவர்கள் கடைசி ஒருமணி நேர வேலையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அடித்தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்திக்கொண்டு ஏழு, எட்டாம் மெட்டுகளுக்கு மேலே பார்த்தால், தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு சந்து தெரியவேண்டும். அதிகம் தெரிந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் தந்தி மெட்டில் மோதிக் கரகரக்கும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஒரு சாவியால் கால் சுற்றுத் திருப்பினால் இரண்டும் சரியாகும் என்பது வேறு விஷயம். சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் நடுவே இந்தப் பிரதேசத்தில் அந்தக் கம்பியை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது திருப்பத்தான் வேண்டியிருக்கும். கடைசியாக, பன்னிரண்டாம் மெட்டின் மேல் விரலை வெறுமனே தொட்டு எழும் மணியோசையும், அதே மெட்டை அழுத்தி எழும் ஸ்வரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். ஒன்றாக இல்லாவிட்டால் குதிரையை நகர்த்திச் சரிசெய்யலாம். நகர்த்தியும் சேராத வாத்தியத்தை அதிருந்த ஆணியிலேயே திரும்ப மாட்டிவிடவேண்டும்.

இந்தப் பரீட்சையில் சிவப்பழகி முதல் சுற்றிலேயே தோற்றாள். தேறி நின்றவை யமஹாவின் சாதாரண நான்கு தந்தி வாத்தியமும் ஸ்குவையர் ஒன்றும். கல்கத்தாவில் செய்யப்படும் கிவ்சன் இவற்றைவிட மலிவு. வீட்டில் சாதகம் செய்ய அது போதும். சிறிய கைகள் உள்ளவர்களுக்கு 34 அங்குலத்தை விட 30 அங்குல நீள வாத்தியம் சௌகரியம். பீட்டில்ஸ் பால் மக்கார்ட்னியின் ஹாஃப்னர் அந்த ஜாதியைச் சேர்ந்தது என்பதால் அதைக் குழந்தைகள் சாமான் என்று யாரும் இளக்காரமாகப் பேசவேண்டியதில்லை.

பேட்டரி போட்டு வேலை செய்யும் ‘ஆக்டிவ்’ வகையைப்பற்றி எனக்கு ஒரு தாபம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் திண்டிவனத்துக்கு இப்பால் ஒரு வரவேற்பில், நான் பொறுப்பேற்று அழைத்துப்போன குழுவில், மூன்றாம் பாட்டின் அனுபல்லவியில் பேஸ் முனகத் தொடங்கி, சரணத்தில் அடங்கியே போயிற்று. மத்தியானம் ஒத்திகைக்குச் செருகிய கேபிளை யாரும் பிடுங்கவில்லை. செருகியிருக்கும்வரை உள்ளிருக்கும் ஒன்பது வோல்ட் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தும் நான் கவனிக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு அந்தக் கிராமத்துப் பெட்டிக்கடையில் பென்சில் பேட்டரி இருந்தது, சோப்பு இருந்தது, கற்பூரம் இருந்தது. அன்றுமுதல் சிறு மேடைக்குப் பேட்டரியில்லாத ‘பாஸிவ்’ வாத்தியமே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

வாத்தியத்தில் கண் வைக்கிறவர்கள் பெட்டியில் ஏமாறுவார்கள். மனிதக் காது அடிநாதத்தை ஏழையின் சொல்லைப் போல்தான் கேட்கிறது. நடுஸ்தாயியில் சிறிது சத்தமும் அதற்குப் போதும், கீழ்ஸ்தாயியில் அதே அளவாகத் தோன்றவேண்டுமானால் பன்மடங்கு சக்தி வேண்டும் என்று ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். வாட் கணக்கும் கடைக்காரர் சொல்வதுபோல் நேராக ஓடாது. ஐம்பது வாட்டை நூறாக்கினால் மூன்று டெசிபல்தான் கூடும். காதுக்கு இரட்டிப்பாகப்பட வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே எண்ணைவிட ஸ்பீக்கரின் குறுக்களவையும் பெட்டியின் கட்டுமானத்தையும் பார்ப்பதே விவேகம். எட்டு அங்குல ஸ்பீக்கர் வீட்டுக்கு. பத்து அங்குலமும் நாற்பது வாட்டும் டிரம்ஸ் இல்லாத சபைக்கும் சர்ச்சின் சிறு கூடத்துக்கும். டிரம்ஸோடு மண்டபத்துக்குப் போகிறவர்களுக்குப் பன்னிரண்டு அங்குலமும் நூறு வாட்டும். ஃபெண்டர் ரம்பிள் வரிசையில் இந்த அளவுப் பெட்டி பத்துக் கிலோதான் இருக்கிறது. பழைய நாளைய பதினைந்து அங்குலப் பெட்டிகளைப்போல் இரண்டு ஆள் பிடிக்க வேண்டியதில்லை என்பது அரசு பஸ்ஸின் பின்வாசலில் ஏறுகிறவர்களுக்குத் தெரியும். சாதாரண கிதார் ஆம்ப்பில் பேஸைச் செருகிச் சத்தத்தை ஏற்றுகிறவர்கள் ஸ்பீக்கரின் காகிதத்தைக் கிழித்துக்கொள்வார்கள்.

கோயில் திருவிழாக்களில் கம்பத்தில் கட்டும் கூம்பு ஸ்பீக்கரில் அடிநாதம் வரவே வராது. ஆனாலும் கேட்பவருக்கு ஏதோ பேஸ் ஒலிப்பதுபோல் தோன்றுவது உண்டு. அது காது செய்யும் ஜாலம். தந்தியின் மேல் அதிர்வுகளை மாத்திரம் கேட்டுவிட்டு, இல்லாத அடிஸ்வரத்தை மனம் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது.

மண்டபத்தில் பெட்டியை எங்கே வைப்பது என்பதும் வாங்குவதற்குச் சமமான காரியம். பளிங்குத் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள கூடத்தின் மூலையில் தள்ளி வைத்தால் நாதம் வீங்கி, ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் தெரியாமல் கூழாகிவிடும். சுவரை விட்டு இரண்டடி தள்ளி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏற்றி, பேஸ் குமிழைச் சற்றே குறைத்து, நடுநாதத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் அதே மலிவுப் பெட்டி பேசத் தொடங்கும். பெட்டியின் முதுகில் மைக்செட்டுக்காரரின் மிக்ஸருக்குப் போகும் டி.ஐ. துவாரம் இருக்கிறதா என்றும் வாங்கும்போதே பார்த்துவிடவேண்டும். பின்வரிசைக்கு நாதத்தைக் கொண்டுபோவது அவருடைய பெரிய ஸ்பீக்கர்கள்தான்.

நம் மண்டபங்களுக்கே உரிய ஒரு உபத்திரவம் கரண்டின் உறுமல். நம் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை மாறுகிறது. பேஸின் அடித்தந்தியில் மூன்றாம் மெட்டை அழுத்தினால் வரும் ‘ஜி’ ஸ்வரம் 49. மேல் தந்தியை விரல் வைக்காமல் தட்டினால் 98. உறுமலின் மேல்ஸ்வரம் 100. இரண்டும் ஒன்றையொன்று உரசும்போது வினாடிக்கு இரண்டு அலை எழுந்து, ஊஞ்சல் சங்கிலி போல் ஆடிக்கொண்டே இருக்கும். அருகில் காதை வைத்துக் கேட்டவர்களுக்குத்தான் இந்த வேதனை விளங்கும். இதற்குப் பரிகாரமென்று சிலர் பிளக்கின் மூன்றாவது முள்ளை, எர்த் முள்ளை, ஒடித்துவிடுகிறார்கள். பாடுகிறவரின் உதடு மைக்கில் படும்போது உயிருக்கே ஆபத்தான மூடத்தனம் அது. ஆம்ப்பையும் மிக்ஸரையும் எர்த் சரியாக உள்ள ஒரே பலகையில் செருகுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டி.ஐ.யில் உள்ள ‘கிரவுண்டு லிஃப்ட்’ பொத்தானைத் தட்டுங்கள்.

பையன் கவரைப் பிரித்து எண்ணினான். நூறு பங்கில் நாற்பது வாத்தியத்துக்கு, ஐம்பது பெட்டிக்கு, மீதிப் பத்து நல்ல தந்திக்கும் கழுத்தைச் சரிசெய்பவருக்கும் கேபிளுக்கும் என்று பிரித்துக் கொடுத்தேன். தந்தி பழசானால் உடனே மாற்றத் தோன்றும். மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனியில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தாலொழியத் தந்தி மாற்றாதவர் என்பதைச் சொல்லி, அழுக்கேறிய தந்தியை இட்லிக் கொப்பரையில் கொதிக்கவைத்துத் துடைத்தால் இன்னும் சில கச்சேரிகள் தாங்கும் என்ற பழைய வித்தையையும் சொல்லிவைத்தேன். அவன் தாயார் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

யமஹாவே வீட்டுக்கு வந்தது. சிறு மேடைக்குப் பேஸ் வாங்கப் போகிறவர்கள் நான்கு தந்தி, பாஸிவ், பன்னிரண்டு அங்குலப் பெட்டி என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். கேபிள் மாத்திரம் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று கச்சேரி நடுவில்தான் போகும்.