பெயர் மட்டும் பாக்கி

2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்துத் தனி மாவட்டமாக்கினார்கள். 2002-ல் மறுபடி சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். ஆணை போட்டால் ஆயிற்று. ஆனால் இடையில் எழுதிய பதிவேடுகளை யாராவது உட்கார்ந்து திருத்தியாக வேண்டும், இல்லையா?

விண்டோஸின் 'சிஸ்டம் ரெஸ்டோர்' கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் பழைய தேதிக்குத் திரும்பலாம் என்கிறது. திரும்புகிறீர்கள். சிடி டிரைவை மட்டும் காணோம். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி, 'கோட் 39'. இந்த ஹார்டுவேருக்கான டிரைவரை ஏற்ற முடியவில்லையாம். ஹார்டுவேர் என்றதும் டிரைவைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். முதலில் ஒரு பூட் சிடியைப் போட்டுப் பாருங்கள். அதிலிருந்து கம்ப்யூட்டர் கிளம்பினால் டிரைவ் க்ஷேமம்.

பல சமயம் நடந்திருப்பது இதுதான். சிடி எழுதும் மென்பொருள் ரெஜிஸ்ட்ரியில் 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோயர்ஃபில்டர்ஸ்' என்ற இடங்களில் தன் ஆள் பெயரை எழுதிவைத்திருக்கும். ரெஸ்டோரில் ஆள் போய்விட்டார், பெயர் தங்கிவிட்டது. இல்லாத ஆளைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, விண்டோஸ் டிரைவையே கைவிட்டுவிடுகிறது.

ரெஜிஸ்ட்ரியை பேக்கப் எடுத்துக்கொண்டு, சிடி டிரைவ் பிரிவில் மட்டும் அந்த இரண்டையும் அழித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். எழுதும் மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டியிருக்கலாம்.

என் புகார் ஒன்றுதான். எந்த ஃபைல் இல்லை என்று பெயரைச் சொல்லியிருந்தால், எத்தனை நல்ல டிரைவ்கள் காயலான் கடைக்குப் போகாமல் பிழைத்திருக்கும்! இப்போது பெரும்பாலான லேப்டாப்களில் டிரைவே கிடையாது. கல்யாண சிடி மட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.