பயத்தின் இரண்டு பட்டறைகள்: 'கருக்கு' பற்றி

விசுவாசம் பயத்தைப் போக்கும் என்பது எல்லாப் பிரசங்கங்களிலும் கேட்கிற சங்கதி. யாருடைய பயம், அதை உண்டாக்கியது யார் என்று மட்டும் பிரசங்கம் கேட்பதில்லை. 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' அதைக் கேட்கிறது. தலித் தன்வரலாறு, பேச்சுமொழியின் கலகம் என்றெல்லாம் பேசியாயிற்று. பயத்தைப் பற்றிய பிரதியாகவும் அதை வாசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பிரதியில் பயம் இரண்டு இடங்களில் உற்பத்தியாகிறது. ஒன்று தெரு. கல்லறை நிலத்தை வைத்துச் சாலியரோடு சண்டை. பறையர் தெருவுக்குள் போலீஸ் நுழைகிறது. ஆண்கள் ஓடி ஒளிகிறார்கள். மகன் சாவுக்கு அப்பன் சேலை கட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. இன்னொன்று கோயில். சின்னப்பிள்ளைகளின் பாவங்களை நோட்டுப்போட்டு எழுதுகிற பேயைப் பற்றிக் கன்னியாஸ்திரி சொல்லித்தருகிறார். ஒவ்வோர் ஆட்டின் உள்மனதையும் அறிந்துவைத்துக்கொண்டு ஆள்கிற முறையை மேய்ப்பரின் அதிகாரம் என்றார் ஃபூக்கோ. அந்த நோட்டு அதன் கருவி. போலீசாவது அடித்துவிட்டுப் போய்விடும். நோட்டு தூக்கத்திலும் கூடவே வரும்.

அப்படியானால் கிறிஸ்தவத்தை உதறிவிட்டால் பயம் தீர்ந்துபோகுமா? ஆமாம் என்பார்கள் நம்முடைய பகுத்தறிவு நண்பர்கள். பிரதி அவர்களுக்கும் அவ்வளவு சுளுவாக மசிவதில்லை. வளர்ந்தபின் பைபிளைத் தானே வாசிக்கும்போது, திருச்சபை மறைத்துவைத்த ஒரு யேசு, அநீதியை எதிர்த்து நின்றவர், பாமாவுக்குக் கிடைக்கிறார். பனங்கருக்கோடு எபிரேயர் திருமுகத்தின் இருபுறக் கூர்வாளையும் முன்னுரையில் அவர் சேர்த்துச் சொல்வது சும்மா அல்ல. ஏழைப் பிள்ளைகளுக்காக என்று மடத்துக்குப் போனவர், மடம் வசதியானவர்களின் பிள்ளைகளுக்கு ஊழியம் செய்வதைப் பார்த்து வெளியேறுகிறார். இங்கே வெளியேறுவதே விசுவாசத்தின் செயலாகிறது. மடத்தை விட்டவர் யேசுவை விடவில்லை.

ஆனால் ஒன்று. வெளியே வந்தவருக்கு வேலை இல்லை, கையில் காசு இல்லை. தனித்து வாழ்கிற பெண்ணை ஊர் சும்மா விடுவதும் இல்லை. பயம் ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. கடவுள் கைதூக்கிவிட்டார் என்று மேடையில் சாட்சி சொல்கிற கதைகள் முடிகிற இடத்தில் இந்தக் கதை முடிவதில்லை. பிரதியின் நேர்மை அங்கேதான் இருக்கிறது.

பட்டியல் சாதி பற்றிய 1950ஆம் ஆண்டு ஆணை 1956இல் சீக்கியருக்காகவும் 1990இல் பௌத்தருக்காகவும் திருத்தப்பட்டது. தலித் கிறிஸ்தவருக்கு அது திறக்கவில்லை. கல்லறைக்குள்ளேயே சாதிச் சுவர் வைத்த பங்குகளும் இங்கே உண்டு. அரசும் சபையும் இப்படி இரண்டு பக்கமும் கைவிட்ட சனத்திடம் போய்ப் 'பயப்படாதே' என்றால், 'சரி சாமி, நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்க?' என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அப்படிக் கேட்க வாய் வந்துவிட்டதே, பயம் விலகத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம். 'கருக்கு' கேட்டிருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவர்கள் பீடத்தில் இருக்கிறார்கள்.