ஐதீகமும் வரலாற்றுத் திருப்பமும்: கடுகண்ணாவைப் பாறை பற்றிய ஒரு நோக்கு

பாறை துளைக்கப்படும்வரை கண்டி இராச்சியம் அந்நியர் வசமாகாது என்னும் ஐதீகம் கண்டிப் பிரதேசத்தில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. கடுகண்ணாவையில் பாதைக்காகக் குடையப்பட்ட பாறையே அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. நாட்டார் நம்பிக்கை வரலாற்றின் திருப்பத்தை முன்னரே உணர்த்திற்று என்பாரும் உளர். காலவரன்முறையை நோக்குமிடத்து இக்கூற்று நிலைபெறாது.

ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18இல் தும்பறையில், மெதமகாநுவரைக்கு அண்மையிற் பிடிபட்டான். மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் நிறைவேறிற்று. கொழும்பு - கண்டிப் பாதையோ 1820இலேயே தொடங்கப்பட்டது. பாறை துளைக்கப்படுமுன்னரே இராச்சியம் வீழ்ந்துவிட்டது. எனவே, ஐதீகம் புலப்படுத்துவது வீழ்ச்சியின் காரணத்தையன்று, வீழ்ந்தோரின் மனத்தையே. பிரதானிகள் அரசனைக் கைவிட்டமையை நினைப்பதிலும் விதியை நினைப்பது எளிது.

எனினும், நம்பிக்கைகள் யாவும் பிற்காலப் புனைவுகளே எனத் தள்ளுதலும் பொருந்தாது. புனித தந்தத்தை உடையவரே நாட்டை ஆளும் உரிமை உடையவர் என்பது தொன்றுதொட்ட நம்பிக்கையாகும். 1817இல் ஊவாவில் மூண்ட கிளர்ச்சியையொட்டி அத்தந்தம் கண்டியிலிருந்து மறைவாகக் கொண்டு செல்லப்பட்டது. 1818இல் பிரித்தானியர் அதனை மீட்டனர். அதன் பின்னரே மக்கள் அவர்களை நாட்டின் அதிபதிகளாகக் கருதினர் என ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலிற் குறிப்பிடுகின்றார். ஆயினும், வீடுகளை எரித்தும் விளைச்சலை அழித்தும் படையினர் கிளர்ச்சியை ஏலவே நலிவித்திருந்தனர். ஆகவே நம்பிக்கை இங்குத் திருப்பத்தை உண்டாக்கவில்லை. உண்டான திருப்பத்துக்கு முத்திரையிட்டது.

ஐதீகம் சொல்லாது விடுவதும் ஆராயத்தக்கது. இராச்சியத்தை இழந்தவர் யாரென அது கூறுகின்றது. பாறையைக் குடைந்தவர் யாரெனக் கூறுவதில்லை. பாதையை அமைத்த கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் உண்டு. அதே ஆண்டில் ஒழிக்கப்பட்ட இராஜகாரிய முறையின் கீழ் அங்கு உழைத்தோருக்கு யாதுமில்லை.

பாதைகள் திறந்தபின் கோப்பிப் பயிர்ச்செய்கை மலைகளிற் பரவியது. தும்பறையின் பன்விலப் பகுதிக்கும் தென்னிந்தியத் தொழிலாளர் வந்தனர். செடியின் தூரிலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற பேச்சு அவர்களைப் போன்றோரிடையே வழங்கியது. அதனை வெறும் பேதைமை எனக் கொள்வோர், அவர்களைப் புறப்படச் செய்த பசியையும் கடனையும் காணத் தவறுகின்றனர். ஒரு நம்பிக்கை உண்மையா பொய்யா என்பதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. அது யாருக்கு ஆறுதலாயிற்று, யாருடைய உழைப்பை மறைத்தது என்ற வினாக்களே வரலாற்றுக்கு வழிகாட்டுவன.